என் பங்குக்குப் பத்துக் கேள்வி

நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வில் நான் தோற்றதற்குப் படிக்காதது காரணமில்லை. அளவுக்கு மீறி மனப்பாடம் செய்ததுதான் காரணம், அதுவும் அடுத்தவர்களுக்காக.

ஞாயிறுதோறும் ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடிப் படிப்போம். எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வேலைக்கு வந்தவர்கள். சான்றிதழ் வாங்காவிட்டால் வேலை நிரந்தரமாகாது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தேர்வறைக்குள் போனோ பேப்பரோ கொண்டுபோக முடியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். எழுதப் போகிற ஒவ்வொருவனும் தன் பங்குக்குப் பத்துக் கேள்விகளைத் தலையில் சுமந்து வந்து கொட்ட வேண்டும். அப்படிச் சேர்ந்ததற்கு 'ஸ்டூடண்ட் வெர்ஷன்' என்று பெயர். பெயரில் மட்டும் குறைச்சலில்லை.

என் பங்கு முப்பத்தொன்றிலிருந்து நாற்பது. நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்தப் பத்தையே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அடுத்து வந்த கேள்விகள் கண்ணில் பட்டன, மண்டையில் ஏறவில்லை. கொஞ்ச மதிப்பெண்ணில் போயிற்று. வெளியே வந்து பத்தையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். எனக்குப் பிறகு எழுதிய அகிலனும் யாசரும் அதைப் படித்துத் தேறினார்கள்.

"அண்ணே, நீங்க சொன்னது அப்படியே வந்துச்சு," என்று அகிலன் எனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தான். சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். வயிறு எரிந்தது, மசாலாவால் இல்லை.

கம்பெனி இன்னொரு வாய்ப்பு தந்தது, இதுதான் கடைசி என்று சொல்லி. என் தேர்வுக்கு மறுநாள் தனசேகரனுக்கும் மறுதேர்வு. பூன் லேயில் என் அறைத் தோழன். அவனுக்கும் இதுதான் கடைசி.

"பத்தெல்லாம் வேணாம் ரகு. மூணு போதும்," என்றான், நான் கிளம்பும்போது.

"கண்டிப்பா கொண்டு வரேன்."

மனதாரத்தான் சொன்னேன்.

திரையில் முதல் கேள்வியே புதிது. இரண்டாவதும் புதிது. கேள்விகளை மொத்தமாக மாற்றியிருந்தார்கள். எங்கள் ஸ்டூடண்ட் வெர்ஷன் குப்பைக்குப் போயிற்று. வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றையும் நிறுத்தி வாசித்தேன், யோசித்தேன், விடையை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன். கடைசியில் 'பாஸ்' என்று வந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கடையில் தனசேகரன் காத்திருந்தான்.

"பாஸா?"

"பாஸ்டா."

என் கையை இறுகப் பிடித்துக் குலுக்கினான். அவ்வளவும் நிஜமான சந்தோஷம். எனக்கு ஒரு தே தாரேக் டீ சொல்லிவிட்டு, காகிதத்தை விரித்துப் பேனாவைத் திறந்தான்.

"எல்லாம் புதுசுடா. வெர்ஷன மாத்திட்டாங்க," என்றேன்.

"அதனாலதான் கேக்குறேன். மூணே மூணு சொல்லு லா."

கண்ணை மூடித் தேடினேன். ஒன்றுகூட வரவில்லை. முதல் தடவை நான் சுமந்து வந்த அந்தப் பழைய பத்துதான் வரிசையாக வந்து நின்றது. அது இனி யாருக்கும் உதவாது.

"ஒண்ணுமே ஞாபகமில்ல தனா. சத்தியமா."

அவன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான்.

"பரவால்ல. இந்தத் தடவதான் நீ உனக்காக எழுதியிருக்க," என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.