தலைகீழாய் நட்ட சூலம்

கதிராமனுக்குப் பொறாமை வந்தது ஒரு கல்லின்மேல். மனிதர்மேல் வந்திருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டு ஆறியிருக்கலாம். கல்லை என்னவென்று ஏசுவது? ஏசினாலும் அது பாட்டுக்கு நிற்கும். அப்படி நின்றதுதான் அவரை இன்னும் எரித்தது.

பாலையூற்றில் ஒரு பாலைமரத்தின் கீழே வைரவர் கோயில் ஒன்று இருந்தது. கோயில் என்றதும் கோபுரத்தை நினைத்துவிட வேண்டாம். கிடுகு வேய்ந்த கொட்டில், உள்ளே ஒரு மேடை, மேடையில் இரும்புச் சூலம், வாசலில் ஒரு மணி, அவ்வளவுதான். தகப்பனுக்குப் பிறகு கதிராமன் அங்கே பூசாரி. பெரிய வருமானம் ஒன்றும் கிடையாது. ஆனால் துறைமுக வேலைக்குப் போகிறவன் சூலத்துக்கு முன்னால் தலை குனிந்துவிட்டுத்தான் போவான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் திருநீறு வாங்க ஓடிவருவாள். வெள்ளிக்கிழமைகளில் வைரவருக்கு வடைமாலை. 'பூசாரியார்' என்று கூப்பிடாமல் யாரும் அவரோடு கதைத்ததில்லை. மனுசன் சோற்றைவிட அந்தச் சொல்லில்தான் உயிர் வாழ்ந்தார் என்று சொன்னாலும் பிழையில்லை.

யுத்தம் வந்தது. எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் இன்னும் நிலம் வேண்டும் என்று நேவிக்காரர் அளந்து, எல்லைக்குக் கல் நட்டுக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரே குறி வெட்டியிருந்தது. மூன்று கோடுகள் மேலே ஒரு முனையில் கூடிக் கீழே விரிந்து நிற்கும். பார்த்தால் காக்கைக் கால் பதிந்த மாதிரி இருக்கும். கல் நட்ட கூலிகளுக்குக் கங்காணி கிண்ணியாவைச் சேர்ந்த ஜெமீல். அது அரசரின் சொத்து என்பதற்கு அடையாளம் என்று அவன்தான் ஊருக்கு விளக்கினான். மண்வெட்டியிலும் போர்வையிலும் ஆஸ்பத்திரி மூத்திரச் சட்டியிலும்கூட அதே காக்கைக் கால் இருக்கிறதாம். கல்லுக்கு உட்பக்கம் இருப்பதையெல்லாம் ஒருநாள் நேவி எடுத்துவிடும் என்றும் சொன்னான். அந்த ஒருநாள் எப்போது என்று கேட்டதற்கு, அது துரைக்கே தெரியாது என்றான். ஊர் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

எல்லை திரும்புகிற மூலைக்கல் குணமணியின் வளவு வாசலில் விழுந்தது. குணமணி புருசனை இழந்தவள். இடியப்பம் அவித்து விற்றுப் பிழைத்தாள். அவளுக்கென்று இருந்தது அந்த வளவும் அதில் ஒரு சின்ன ஓட்டுவீடும்தான். அவை இரண்டும் கல்லுக்கு உட்பக்கம். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது, கூலிகளுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். கல்லைத் தலைகீழாக இறக்கி மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். மற்றக் கல்லெல்லாம் காக்கைக் கால். குணமணியின் வாசலில் மட்டும் அந்தக் கால் கவிழ்ந்து, மூன்று முனையும் வானத்தைப் பார்க்கச் சூலமாக நின்றது.

அந்தச் சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாள் முன்னால்தான் யப்பான்காரன் குண்டு போட்டான். சீனன்குடாப் பக்கம் எழுந்த புகை சாம்பல்தீவு வரைக்கும் தெரிந்ததாம். குணமணியின் வளவுக்குப் பின்னால் இருந்த புளியந்தரையில் ஒரு குண்டு விழுந்து கிணறு மாதிரிப் பள்ளம் தோண்டியது. அவள் வீட்டில் ஒரு ஓடு அசையவில்லை. வைரவர் கோயிலிலோ எங்கிருந்தோ வந்த இரும்புத் துண்டு ஒன்று கயிற்றை அறுத்து, மணியைக் கீழே போட்டது.

பிறகு கேட்க வேண்டுமா? குணமணியின் கல்லில் சூலம் தானாக எழுந்தது என்று ஊர் சொல்லத் தொடங்கியது. வெள்ளைக்காரன் வெட்டியது காக்கைக் கால்தான், அம்மன் அதைப் புரட்டி நிமிர்த்திவிட்டாள் என்றார்கள். யாரோ எண்ணெய் வைத்தார்கள், யாரோ பட்டுத் துண்டு சுற்றினார்கள். பேக்கரியில் பாண் போடுகிற சிங்கள மனுசன் அது கதிர்காமத்துக் கடவுளின் வேல் என்று சொல்லித் தேங்காய் உடைத்தான். மதராசிலிருந்து கப்பலில் சமையலுக்கு வந்த குசினிக்காரன் ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இது பெருமாளின் நாமம், உங்களுக்குக் கண் தெரியவில்லையா என்று கேட்டான். ஒரே கல்லில் ஆளுக்கொரு சாமியைக் கண்டார்கள். கதிராமன் மட்டும் அதில் கூலிக்காரனின் சோம்பலைக் கண்டார்.

கண்டதைச் சொல்லவும் செய்தார். கல்லைத் தலைகீழாய் நட்டிருக்கிறார்கள் என்று சந்தைக்குப் போய் வருகிறவர்களை நிறுத்தி வைத்து விளக்கினார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை, ஒருவரும் நம்பவில்லை. பூசாரியாருக்கு எரிச்சல் என்று முகத்துக்கு நேரேயே சிரித்தார்கள். அதுவும் உண்மைதான்.

எரிச்சல் என்றால் அப்படி இப்படி எரிச்சல் இல்லை. பின்னேரம் விளக்கு வைத்துவிட்டுக் கோயில் வாசலில் நின்று பார்ப்பார். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் குணமணியின் வாசலில் சனம் நிற்கும். வடைமாலையைக்கூட அங்கே கொண்டுபோனார்கள். வைரவருக்கு உரிய வடையை நேவிக்காரனின் கல்லுக்குப் போடுகிற கூத்தைக் கண்ட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. இவள் என்ன தவம் செய்தவளா, மந்திரம் தெரிந்தவளா? இடியப்பக்காரி. அவள் ஒன்றும் செய்யவும் இல்லை. காலையும் மாலையும் கல்லுக்கு ஒரு விளக்கு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுப்பாள். அப்படி என்னதான் கேட்கிறாள் என்று யோசித்து யோசித்து அவருக்குத் தலை காய்ந்தது. வந்த சனம் போதாது, இன்னும் வேண்டும் என்று கேட்கிறாள் என்றே முடிவுகட்டினார். ஏனென்றால் அவர் வைரவரிடம் ஒவ்வொரு நாளும் கேட்டது அதைத்தான்.

வைகாசியில் ஒருநாள் மத்தியானம் ஆபத்துச் சங்கு ஊதியது. ஏற்கனவே அடிபட்ட ஊர், கேட்க வேண்டுமா, சோற்றுக் கோப்பையைப் போட்டது போட்டபடி பற்றைக் காட்டுக்குள் ஓடியது. குணமணியும் ஓடினாள். ஒழுங்கையில் ஒரு ஈ காக்கை இல்லை. கதிராமன் ஓடவில்லை. பயம் இல்லாமல் இல்லை, பொறாமை அதைவிடப் பெரிதாக இருந்தது. அலவாங்கை எடுத்தார், விறகு ஏற்றும் தள்ளுவண்டிலை இழுத்துக்கொண்டு போனார், கல்லைத் தோண்டிப் புரட்டி ஏற்றினார். வானத்தில் எந்த நேரமும் ஏரோப்பிளேன் வரலாம் என்றபோது, அவர் குழியை மூடி மேலே சருகு போட்டுக்கொண்டிருந்தார். கல்லைக் கொண்டுவந்து எண்ணெயும் குங்குமமும் போகக் கழுவி, வைரவரின் மேடைக்கு முன்னால் நட்டார். சூலம் மேலே பார்க்கத்தான் நட்டார். தலைகீழாய் நட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், தானும் தலைகீழாகவே நட்டார்.

யப்பான்காரன் அன்றைக்கு வரவில்லை. சனம் திரும்பி வந்தபோது வைரவர் கோயிலில் திரும்பக் கட்டிய மணி விடாமல் அடித்தது. கல் தானாக நடந்து வைரவரின் காலடிக்கு வந்துவிட்டது என்றார் கதிராமன். இதை மட்டும் ஊர் உடனே நம்பியது.

ஒரு கிழமை, ஏழு நாளும் அவர் ராசா. வடைமாலைக்கு மேல் வடைமாலை விழுந்தது. பாண்காரன் தேங்காயோடு வந்தான், குசினிக்காரன் துளசியோடு வந்தான். பாலையூற்றில் கல்லு நடந்த கதை கந்தளாய் வரைக்கும் போயிருந்தது. ஆனாலும் மனுசனுக்கு ஏதோ குறைந்தது. குணமணி அழுவாள், வந்து சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவளோ முதல்நாளே வந்தாள், கல்லைக் கும்பிட்டாள், சிரித்த முகத்தோடு திருநீறு வாங்கிக்கொண்டு போனாள். தோற்றவள் சிரித்தால் வென்றவனுக்கு என்ன மரியாதை? அவள் சிரித்தது அவருக்கு ஒரு கிழமை வடையையும் கசக்க வைத்தது.

அடுத்த கிழமை நேவி லொறி வந்தது. முள்ளுக்கம்பிச் சுருளும் மரக்கட்டைகளும் இறங்கின. கல் நட்ட பழைய துரை கப்பலோடு ஆபிரிக்காப் பக்கம் போய்விட்டாராம். புதிதாக வந்தவர் மீசை முளைக்காத பொடியன், அவசரக்காரர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கல்லுக்குக் கல் கம்பி இழுக்க வேண்டும் என்பது ஒன்றுதான். ஜெமீல் ஆட்களோடு கல்லைத் தேடிக்கொண்டு வந்தான். குணமணியின் வாசலில் கல் இல்லை. சனம் அவனை வைரவர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து பெருமையோடு காட்டியது.

ஜெமீல் கல்லைப் பார்த்தான். கதிராமனைப் பார்த்தான். கிட்ட வந்து மெதுவாகக் கேட்டான்.

"பூசாரியார், இது மூலைக்கல்லு. நான் அங்கை நட்டனான். இஞ்சை எப்பிடி வந்தது?"

சுற்றி ஊரே நின்றது. வாயில் வடையோடு நின்றவர்களும் உண்டு. கதிராமனின் நாக்கு ஒரு கணம் உண்மையைத் தேடியது. பிறகு சனத்தைப் பார்த்தது.

"தானா வந்தது, தம்பி."

"அப்ப சரி. கம்பியும் இஞ்சாலைதான் வரும்."

ஜெமீல் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சனம் கலைந்த பிறகு அவரைத் தனியே கூப்பிட்டு விளங்கப்படுத்தினான். கல் இங்கே நின்றால் எல்லை இந்தப் பக்கம் திரும்பும், குணமணியின் வளவு வெளியே நிற்கும், கோயில் கம்பிக்கு உள்ளே போகும், பிறகு பூசாரியையும் உள்ளே விடமாட்டார்கள். தானாகத் துரையிடம் போய்ச் சொல்ல அவனுக்கு ஏலாது, தலைகீழாய் நட்ட பிழை தன் தலையில் விடியும். ஆனால் கதிராமன் நாளைக்குக் காலமை வந்து உள்ளதைச் சொன்னால் தான் துரைக்கு மொழிபெயர்ப்பான், கல் பழைய இடத்துக்குப் போகும், கம்பி குணமணி வளவைச் சுற்றிக்கொண்டு போகும். அவள் வீடு உடைபடும், கோயில் தப்பும். யோசியுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனான்.

யோசிக்க என்ன இருக்கிறது? விடிந்ததும் கதிராமன் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். கோயில் போனால் அவர் யார்? பூசாரியார் என்று எந்த வாய் கூப்பிடும்? அவள் வீடு போனால் இடியப்பத்தை வேறெங்காவது இருந்து அவிக்கட்டும். மனதுக்குள் இதையே சொல்லிக்கொண்டு ஒழுங்கையில் வேகமாக நடந்தார். குணமணி தன் வாசலில் நின்றாள். கல் நின்ற இடத்தில் மண்ணை மெழுகிக் கோலம் போட்டிருந்தாள்.

அவர் பார்க்காத மாதிரிப் போகப் பார்த்தார். அவள் விடவில்லை.

"பூசாரியார், ஒரு அர்ச்சனை செய்யோணும். நேர்த்திக்கடன்."

என்ன நேர்த்தி என்று அவர் கேட்டிருக்கத் தேவையில்லை. ஆனால் இத்தனை நாளும் அவரைத் தின்ற கேள்வி அதுதானே. கேட்டுவிட்டார்.

"அந்தக் கல்லு என்ர வளவை விட்டுப் போகோணும் எண்டு கேட்டனான். வேற ஒண்டும் கேக்கேல்லை. அண்டைக்கு ஜெமீல் நேவி எடுக்கும் எண்டு சொன்னவுடனை எனக்கு நித்திரை போயிட்டுது. ரெண்டு நேரமும் விளக்கு வைச்சு, தாயே போயிடு, போயிடு எண்டுதான் கெஞ்சினனான்."

அவர் வயிறெரிந்து பார்த்த விளக்கு முழுவதும் அந்தக் கல்லைப் போகச் சொல்லி ஏற்றிய விளக்கு. சனம் சாமியைக் கண்ட இடத்தில் அவள் ஒருத்தி மட்டும் நேவியைக் கண்டிருக்கிறாள். அவள் கண்டது சரி. போன கல்லை எடுத்துக் கொண்டுபோனதோ அவருடைய கை. அலவாங்கு பிடித்த கொப்புளம் இன்னும் ஆறவில்லை. இத்தனையும் செய்தது அவர், பேர் கல்லுக்கு. அந்த நேரத்திலும் மனுசனுக்கு முதலில் உறைத்தது அதுதான்.

"கல்லு போகேல்லை, குணமணி. நான்தான் வண்டிலிலை ஏத்திக் கொண்டு போனனான்."

"தெரியும், அண்ணை. வண்டில் தடம் கிடந்தது. நான்தான் கூட்டி அழிச்சனான்." அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "இப்ப துரையிட்டைப் போய்ச் சொல்லப் போறியளோ?"

பூசாரியார் என்று கூப்பிட்டவள் அண்ணை என்று கூப்பிட்டதை அவர் கவனித்தார். அவளுக்குப் பின்னால் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இடியப்பத் தட்டுகள் அடுக்கியிருந்தன, அடுப்பில் நீராவி எழுந்தது. போகப் போவதாகச் சொல்ல வாயெடுத்தார். வந்தது வேறு.

"கல்லு தானா வந்தது எண்டு ஊருக்குச் சொன்னது நான். இனிக் கதையை மாத்த ஏலாது."

சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினார். அன்று மத்தியானமே கம்பி வைரவரைச் சுற்றிக்கொண்டு போனது.

இப்போது பின்னேரங்களில் கதிராமன் கம்பிக்கு வெளியே நிற்கிறார். உள்ளே பஞ்சாபிச் சிப்பாய்கள் போகிறார்கள், ஆபிரிக்காக்காரர் போகிறார்கள், வெள்ளைக்காரரும் போகிறார்கள். தலைப்பாகைக்காரன் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு அலரிப்பூ வைக்கிறான். கறுத்த நெட்டையன் ஒருவன் இரும்புச் சூலத்தைத் தொட்டு நெஞ்சில் கையை வைக்கிறான், அவன் தேசத்தில் அது எந்தச் சாமியின் ஆயுதமோ. வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன்கூட, கப்பலேறுகிற அன்றைக்கு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சும்மா கொஞ்சநேரம் நின்றான். பாலையூற்றுச் சனம் மொத்தமும் திரண்டு வந்த நாளில்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. கதிராமன் நாளும் பொழுதும் வைரவரிடம் கேட்டது கூட்டம்தான். வைரவர் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு பூவும் விழும்போது அவருடைய கை கம்பியை இறுக்கிப் பிடிக்கிறது.