விமரிசைக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை

அன்னூரில் சாமுவேல் கட்டிய புது வீட்டைப் பற்றித் தெரு ஏற்கெனவே வேண்டிய மட்டும் பேசியிருந்தது. ரோஸ் கலர் டைல்ஸ், தங்க பெயின்ட் அடித்த கேட், தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நீல விளக்குச் சிலுவை. பேச்சில் விட்டுப்போனது வாசலுக்குப் பக்கத்தில் பதித்திருந்த கறுப்புக் கிரானைட் கல் ஒன்றுதான். வீட்டுப் பிரதிஷ்டை வரை யார் கண்ணிலும் படக் கூடாதென்று சாமுவேல் அதைப் பட்டுத் துணியால் மூடி வைத்திருந்தார்.

பிரதிஷ்டை அன்று காலை ஒன்பது மணிக்கு, மருமகள் கிருபா துணியை நேராக்கப் போனவள் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். பார்த்திருக்கவே கூடாது.

பொன் எழுத்தில் இங்கிலீஷ். ‘டெடிகேட்டட் ஆஸ்டென்டேஷஸ்லி டு த குளோரி ஆஃப் காட்.’

கிருபா பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுப்பவள். போன வாரம்தான் அந்த இரண்டாவது வார்த்தையைப் போர்டில் எழுதி, “நாலு பேரு பாக்கோணும்னே பீத்திக்கிட்டுச் செய்யறது. பாராட்டு இல்ல, குத்தல்” என்று நடத்தியிருந்தாள். தங்கச் சங்கிலியைச் சட்டைக்கு மேலே எடுத்துவிட்டுக்கொண்டு நடக்கும் பணக்காரர் ஒருவரை உதாரணமும் காட்டியிருந்தாள். இப்போது, கடவுளின் மகிமைக்கென்று பீத்தலாகப் படைத்த வீட்டின் வாசலில் அவளே நிற்கிறாள்.

“ஏனுங்க மாமா, இந்த வார்த்தைய யாருங்க குடுத்தது?”

“போனுதான் கண்ணு. ‘விமரிசையாக’ன்னு தமிழ்ல சொன்னேன், டக்குனு குடுத்துருச்சு. உன்றகிட்டக் கூடக் கேட்டனே? பரீட்சைப் பேப்பரு திருத்திட்டிருந்தே. ‘நீங்க போட்டா சரியாத்தானுங்க இருக்கும்’ன்னு சொல்லிப்போட்டே.”

சொல்லியிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொல்லியிருந்தாள்.

“தெனமும் இருவது தடவ சொல்லிப் பழகியிருக்கறேன், கேளு. ஆஸ்-டென்-டே-ஷஸ்-லி!”

மேட்டுப்பாளையம் மண்டிக்கு முப்பது வருசம் காய்கறி லாரி ஓட்டிய வாய். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

கிருபா கணவனைத் தேடிப் பின்பக்கம் ஓடினாள். அன்புமணி பிரியாணி அண்டாவுக்குக் காவல் நின்றுகொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தான், பிறகு நிறுத்தினான்.

“கல்லப் பேத்தா டைல்ஸும் சேந்து பேந்துரும். அப்பாகிட்டச் சொன்னா அவரே பேந்துருவாரு. இன்னைக்கு வேங்கடசாமி ஐயா வாராரு, தெரியுமல்ல?”

அதுதான் விஷயமே. சாமுவேலும் அவருடைய அப்பாவும் கரும்பு வெட்டியது வேங்கடசாமியின் தோட்டத்தில். இத்தனை வருசத்தில் அந்த மனிதர் சாமுவேல் வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. ரோஸ் டைல்ஸும் தங்க கேட்டும் எந்த ஒரு ஜோடிக் கண்ணுக்காக என்பது தெருவுக்கே தெரியும். அப்படிப் பார்த்தால் போன் கொடுத்தது தப்பான வார்த்தையே இல்லை. அதுதான் கிருபாவை இன்னும் வாட்டியது.

பத்தரைக்கு பாஸ்டர் ஜெபம் முடித்துத் துணியை இழுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். வேங்கடசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாவது வார்த்தையில் நின்றார்.

“இதென்ன சாமுவேலு, ரயிலாட்ட நீளமாப் போவுது?”

சாமுவேல் சொல்லிக் காட்டினார். பிறகு பெருமை தாங்காமல், “அர்த்தம் எங்க டீச்சரம்மா சொல்லுமுங்க” என்றார்.

கூட்டம் மொத்தமும் கிருபா பக்கம் திரும்பியது. டைல்ஸைத் தடவிப் பார்ப்பதற்கென்றே முதல் ஆளாக வந்திருந்த பக்கத்து வீட்டு ராமாமணி, “ஏனுங்க டீச்சர், மொகம் இப்பிடி வெளுத்துப்போச்சு?” என்றாள்.

மாமனார் உதட்டுக்குள்ளேயே அந்த வார்த்தையை இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது கிருபாவுக்குத் தெரிந்தது.

“விமரிசையாகன்னு அர்த்தமுங்க ஐயா.”

வேங்கடசாமி தலையாட்டினார். உள்ளே வந்து உட்கார்ந்தார். கொடுத்த காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். சாமுவேல் அந்தக் காலி டம்ளரை யாரிடமும் தராமல் கையிலேயே வைத்திருந்தார். தப்பித்தோம் என்று கிருபா மூச்சு விட்டாள்.

“அம்மணி, இங்க வா. அடுத்த மாசம் நம்ம கல்யாண மண்டபத்துக்குத் தொறப்பு விழா. கோயமுத்தூருல இருந்து பெரிய பெரிய ஆளுகல்லாம் வாராங்க. அந்த வார்த்தைய ஒரு சீட்டுல எழுதிக் குடு” என்றார் வேங்கடசாமி.

“ஐயா, மண்டபத்துக்குன்னா அதைய விட நல்ல வார்த்தை வேற...”

“வேறயா? ஏன், சாமுவேலுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?”

கிருபா அன்புமணியைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

“எழுதிக் குடு கண்ணு, அவுங்களும் போட்டுக்கட்டும்” என்றார் சாமுவேல். அவர் அப்படிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வேங்கடசாமிக்கு அவர் எதையாவது கொடுப்பதும் பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

பேனா வந்தது. பதினாலு எழுத்து. பத்து வருசமாக இங்கிலீஷ் நடத்தும் கை, ஸ்பெல்லிங் பிசகவில்லை.

வேங்கடசாமி எட்டிப் பார்த்தார். “இன்னுங் கொஞ்சம் பெருசா எழுது அம்மணி. தூரத்துல வரும்போதே நாலு பேருக்குத் தெரியோணும்.”

கிருபா அடித்துவிட்டு, பெரிதாக எழுதிக் கொடுத்தாள்.