பானகசுபா என்று கூப்பிட்டால்

"பானகசுபா!" என்று பாஸ்டர் சிசாலா மைக்கில் கூப்பிட்டபோது நான் அடுப்படியில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் பதினொரு விருந்தாளிகளுக்கும் களி கிண்டிக்கொண்டிருந்தேன். "இதோ வந்துட்டேன் பாஸ்டர்" என்று குரல் கொடுத்துக்கொண்டே துடுப்பும் கையுமாக வெளியே ஓடிவந்துவிட்டேன். துடுப்பிலிருந்து களி சொட்டி என் பாதத்தில் விழுந்தது. அது சுட்டதுகூட அப்புறம்தான் தெரிந்தது. மாமரத்தடியில் வரவேற்புக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நடுவில் கனடாவிலிருந்து வந்த லோர்னா, கழுத்தில் காகிதப்பூ மாலையோடு, முகமெல்லாம் சிவந்து நின்றிருந்தாள். பாஸ்டரின் கை அவள் தலைக்கு மேல் இருந்தது. பக்கத்தில் என் மகள் கசுபா, லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு. அவர் கூப்பிட்டது என்னை இல்லை. அந்தப் பெயரை அப்போதுதான் லோர்னாவுக்கு வைத்திருக்கிறார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் திறந்தபடி இருந்தது. நல்லவேளை, என்னோடு சமைக்கிற பானமும்பி பின்னாலேயே வந்து என் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்தாள்.

"யாரைக் கூப்பிட்டாலும் இவதான் ஓடுவா! போன வாரம் கோழிய பா பான்னு கூப்பிட்டேன், அதுக்கும் இவதான் வந்து நின்னா. வாடி, களி அடிபிடிக்குது."

கூட்டம் சிரித்தது. லோர்னா என்ன ஏதென்று புரியாமல் அவளும் சிரித்தாள். கசுபா மட்டும் சிரிக்கவில்லை. புதுச் சப்பாத்தின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஏரிக்கரையில் பிள்ளை பெற்றவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. 'பான' என்றால் அம்மா; மும்பியின் அம்மா பானமும்பி. கசுபாவைப் பெற்ற அன்றிலிருந்து நான் பானகசுபா. மாமியார், மீன்காரன், கோவில் மூப்பர், ஏன், என்னோடு சண்டை போடுகிறவள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டுவாள். நாற்பது வயதுக்காரியை யாராவது பிறந்த பெயரால் கூப்பிட்டால் ஒன்று அவர்களுக்கு மரியாதை தெரியாது என்று அர்த்தம், இல்லையென்றால் அவளுக்குப் பிள்ளை இல்லை என்று அர்த்தம். என்னை வருடத்தில் இரண்டு வாரம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரின் ஜூலைக் குளிரில் வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து இறங்கும் நாளிலிருந்து அவர்கள் வண்டி ஏறும் வரைக்கும் நான் முசோண்டா. கசுபாவுக்கு நான் ஆன்ட்டி.

இந்த ஏற்பாட்டுக்கு நானே ஒத்துக்கொண்டேன், பாஸ்டரைக் குறை சொல்லக் கூடாது. கசுபாவுக்கு நாலு வயதில் அவள் அப்பா இருமி இருமிச் செத்துப்போனார். அவருடைய அண்ணன் தம்பிகள் வந்து வலையையும் படகையும் எடுத்துக்கொண்டு போனார்கள், பாயைக்கூட விடவில்லை. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு இந்த அநாதை இல்லத்து வாசலில் வந்து வேலை கேட்டேன். பாஸ்டர் நல்ல மனிதர். அடுப்படியில் எனக்கு வேலையும், பிள்ளைகளோடு கசுபாவுக்குக் கட்டிலும் கொடுத்தார். அப்புறம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அப்பன் இல்லாத பிள்ளை அநாதைதானே. பாதிப் பொய்தான் இது. பணம் குடுக்குறவங்களுக்கு அம்மா இருக்கான்னு தெரிஞ்சா, அம்மாவே பாத்துக்கட்டும்னு சொல்லிடுவாங்க. எதைக் கொண்டு பாத்துப்பேன்னு உன்னை யாரும் கேக்க மாட்டாங்க." பாதிப் பொய் என்றால் பாதி வலிதானே இருக்கும் என்று நினைத்தேன். அது முதல் வருடம். எனக்கு அப்போது கணக்குத் தெரியாது.

லோர்னா வருவது இது நாலாவது முறை. கனடாவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். வருடம் முழுக்கப் பனியில் வண்டி ஓட்டி, கிடைக்கிற விடுமுறையில் தன் சபைக்காரர்களோடு இங்கே வந்து சுவருக்குச் சாயம் அடிப்பாள். அவர்கள் அடிக்கிற அழகு எங்களுக்குத்தான் தெரியும். அவர்கள் போன மறுநாள் பெயிண்டர் வந்து எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி அடிப்பான். ஆனால் லோர்னாவைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரியும்போது அவள் அடுப்படியில் வந்து உட்காருவாள். புகையில் கண் எரிந்து தண்ணீர் கொட்டினாலும் போக மாட்டாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எங்கள் பேச்சை எழுதி எழுதிக் கற்றுக்கொண்டாள். பிள்ளை நடக்கப் பழகுகிற மாதிரி பேசுவாள், விழுந்தாலும் எழுந்து மறுபடி பேசுவாள்.

இரண்டாவது வருடம் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "என் பஸ்ல நாப்பத்திரண்டு பிள்ளைங்க. சாயங்காலம் எல்லாம் இறங்கிடும். ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்காது. வீட்ல அம்மா நிக்குறா இல்ல, அங்க ஓடும். அப்புறம் காலி பஸ்ஸ ஓட்டிட்டு நான் வருவேன்." நான் அவள் கையிலிருந்த கீரையை வாங்கி நானே ஆய்ந்தேன். எங்கள் பாஷையில் பிள்ளையில்லாதவளுக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை கிடையாது.

அந்த வருடம்தான் அவள் கசுபாவைப் பிடித்துக்கொண்டாள். இந்த வருடம் பெரிய செய்தியோடு வந்திருந்தாள். கசுபாவுக்குப் பன்னிரண்டு வயது, எங்கள் ஊரில் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதற்கப்புறம் மீன் காயவைக்க வேண்டியதுதான், இரண்டு வருடத்தில் யாராவது மீன்காரனோடு போக வேண்டியதுதான். லோர்னாவின் சபை அவளைப் பட்டணத்துக் கன்னியர் பள்ளியில் விடுதியில் சேர்த்து, பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் படிக்கவைக்கப் போகிறது. யாருமில்லாத பிள்ளைக்கு என்று அவர்கள் ஒதுக்கிய ஒரே இடம். அந்த நன்றிக்குத்தான் பாஸ்டர் அவளுக்கு என் பெயரை எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவரிடம் போனேன். பெண்கள் பாஸ்டர் முன்னால் மண்டியிட்டுத்தான் பேசுவோம். நான் நின்றேன்.

"பிள்ளையக் குடுத்தேன், சரி. பேரையுமா பாஸ்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாயில வந்துடுச்சு பானகசுபா. அந்தம்மா அழுதாங்க, எனக்கு வேற என்ன குடுக்கன்னு தெரியல. ரெண்டு வாரம் போடட்டுமே. பேரு என்ன, தேஞ்சா போயிடும்?"

தேய்ந்துதான் போனது. பன்னிரண்டு நாளும் ஊரே அவளை அப்படிக் கூப்பிட்டது. முட்டை விற்கிறவள் கூப்பிட்டாள், வாயில்காரன் கூப்பிட்டான். சாப்பாட்டில் பாதியில் இருந்தாலும் லோர்னா எழுந்து ஓடுவாள், "இதோ, இதோ" என்று. அந்தப் பெயரைக் கேட்கும்போது அவள் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்த்தால் வயிறு எரியும், அடுத்த நிமிடமே பாவமாகவும் இருக்கும். எனக்கு என்ன கஷ்டமென்றால், என் காது சொன்ன பேச்சைக் கேட்காது. ஒவ்வொரு தடவையும் திரும்பும். பானமும்பி கட்டையால் என் முழங்காலில் இடித்து, "உன்னையில்ல, உன்னையில்ல" என்பாள். ஒருநாள் இடித்துவிட்டு அவளே உட்கார்ந்து அழுதாள்.

கசுபா அடுப்படிப் பக்கம் வரவே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை. வந்தால் வாய் தவறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். தட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பாள். நான் அவளுக்கு மட்டும் அடிக்களியைச் சுரண்டி, அந்த மொறுமொறுப்பை ஓரத்தில் வைப்பேன். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அது உயிர். அதைக் கடிக்கிற சத்தத்தைக் கேட்பதற்காகக் கரண்டியை வைத்துவிட்டு நிற்பேன். அந்த இரண்டு வாரத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா எங்களுக்குப் புதிதில்லை. மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்திருந்தார்கள். மத்தியானம் நான் நிலக்கடலை அரைத்துவிட்ட கஞ்சியோடு போனபோது லோர்னா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கண்ணைத் திறக்காமல் "அம்மா" என்று முனகியது. "இங்கதான் இருக்கேன் கண்ணு" என்று லோர்னா கையைப் பிடித்தாள். கசுபா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். "அம்மா, அம்மா" என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினாள்.

நான் ஆன்ட்டியாகத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக. ஒரு கரண்டி எடுத்து ஊதி, என் உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, அவள் கீழுதட்டில் தொட்டேன். வாய் திறந்துகொண்டது. கண் மூடியபடியே என் இடுப்புத் துணியின் முனையைத் தேடிப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டாள். பால் குடிக்கிற காலத்துப் பழக்கம் அது. கிண்ணம் காலியாகும்வரை நான் லோர்னாவைப் பார்க்கவில்லை. கடைசியில் நிமிர்ந்தபோது அவள் எழுந்து சுவரோரம் நின்றிருந்தாள். ஈரத்துணியிலிருந்து தண்ணீர் அவள் சப்பாத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு இரண்டு நாள் அவள் அடுப்படிக்கு வரவில்லை. மூன்றாம் நாள், அவர்கள் கிளம்புவதற்கு முந்தின காலையில் வந்தாள். வழியனுப்பு விருந்துக்காகச் சேவலை அறுத்து அப்போதுதான் பானையில் போட்டிருந்தேன். தன் வழக்கமான முக்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"முசோண்டா, உனக்கு எத்தனை பிள்ளைங்க?"

பானமும்பியின் கை கத்தியோடு நின்றது. என் கண் முன்னால் பட்டணத்துப் பள்ளிக்கூடம், நீலப் பாவாடை, கசுபா கையில் தடித்தடியான புத்தகங்கள். இந்தப் பக்கம் ஏரிக்கரையில் மீன் காய்கிற நாற்றம்.

"இல்ல" என்றேன். "எனக்குப் பிள்ளையே இல்ல."

சேவல் ஏற்கெனவே பானைக்குள் இருந்ததால் அதற்குக் கூவ வழியில்லாமல் போயிற்று. இல்லையென்றால், வேதத்தில் சீடன் ஆண்டவரை மறுதலித்தபோது கூவின சேவல் மாதிரி இதுவும் கூவியிருக்கும். லோர்னா என் கன்னத்தில் ஒட்டியிருந்த மாவைத் தன் கட்டைவிரலால் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் சேவல் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வெள்ளை வண்டி வந்து மாமரத்தடியில் நின்றது. கசுபாவின் தகரப் பெட்டியையும் அதில் ஏற்றினார்கள். போகிற வழியில் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் அவர்கள் விமானத்துக்குப் போகிறார்கள். காகிதத்தில் கையெழுத்தெல்லாம் போட வேண்டுமாம், பிள்ளையைச் சேர்க்கிறவர் யார் என்று. பிள்ளைகள் பாட்டுப் பாடி, ஒப்பாரி மாதிரி அழுதார்கள். சின்னதுகள் ஒவ்வொரு வருடமும் அழும். கசுபா ஒவ்வொருவரிடமும் விடைபெற்றுக்கொண்டு அடுப்படி வாசலுக்கும் வந்தாள். முறைப்படி மண்டியிட்டு, கையைத் தட்டி, "போயிட்டு வரேன் ஆன்ட்டி" என்றாள். நல்லா படி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இலையில் சுருட்டி வைத்திருந்த அடிக்களியை அவள் கையில் திணித்தேன். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பாமல் வண்டியை நோக்கி நடந்தாள். எனக்கு அவளை ஓடிப்போய்ப் பிடித்து முதுகில் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, அவள் என் தோள் உயரம் வளர்ந்துவிட்டாள் என்பதெல்லாம் நினைப்பிலேயே இல்லை. உள்ளே போய்த் துடுப்பை எடுத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாடு ஆக வேண்டுமே.

"பானகசுபா!" என்று பாஸ்டர் மைக்கில் கூப்பிட்டார். "எல்லாரும் ஏறியாச்சு. வாங்க, ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பலாம்."

என் காது திரும்பியது. பானமும்பி கட்டையை எடுத்தாள், ஆனால் இடிக்கவில்லை. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் துடுப்போடு வாசலுக்கு வந்து பார்த்தேன். வண்டியின் படிக்குப் பக்கத்தில் லோர்னா நின்றிருந்தாள். பாஸ்டர் பத்தடி தூரத்தில்தான் இருந்தார், அவளுக்குக் கேட்காமல் இருக்காது. பன்னிரண்டு நாளாகச் சோற்றை விட்டு எழுந்து ஓடினவள் இப்போது அசையவே இல்லை. நேராக அடுப்படி வாசலை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வலது கை, ஏறச் சொல்வதுபோல், வண்டியின் திறந்த கதவைப் பிடித்திருந்தது. அந்தக் கதவுக்குள் ஒரு இருக்கை காலியாக இருந்தது.

"பானகசுபா!"

கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். லோர்னா கண்ணைக்கூட இமைக்கவில்லை. 'இதோ வந்துட்டேன்' என்ற வார்த்தை என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? அவளுக்குத் தெரிந்ததை அவள் சபையும் பொறுத்துக்கொள்ளுமா? அந்தக் காகிதத்தில் என் பெயருக்கு இடம் இருக்குமா? பாஸ்டர் ஒன்றும் புரியாமல் லோர்னாவைப் பார்த்தார், அப்புறம் அவள் பார்க்கிற பக்கம் பார்த்தார். மைக்கைப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது, மறுபடி ஏறியது.

மூன்றாவது தடவை அவர் என் பக்கம் பார்த்துக் கூப்பிட்டபோது குரல் உடைந்திருந்தது. வண்டி ஜன்னலில் கசுபா தலையைத் திருப்பி அடுப்படியைப் பார்த்தாள், வாய் நிறைய அடிக்களியோடு. என் துடுப்பிலிருந்து களி சொட்டி, பன்னிரண்டு நாளுக்கு முன்னால் சுட்ட அதே இடத்தில் விழுந்தது. இந்தத் தடவை சூடு உடனே தெரிந்தது.