காற்று இறங்கிய முதுகு

நாணயத்தை எண்ணெயில் தோய்த்து என் மனைவி வெனிங்கின் முதுகில் இழுத்தேன். மூன்றாவது இழுப்பிலேயே தோல் செக்கச்செவேலென்று சிவந்துவிட்டது. எங்கள் ஜாவாவில் காய்ச்சலென்றால் உடம்பில் காற்று புகுந்துவிட்டது என்பார்கள். சிவக்கச் சிவக்கச் சுரண்டினால் இறங்கிவிடும். என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டு, "எவ்வளவு காத்து பாரு, சைக்கிள் டயருக்கே அடிக்கலாம்" என்றேன். ஏழு மாதக் கர்ப்பிணி, ஒருக்களித்துப் படுத்திருந்தவள், சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள் அவள். அப்போதுதான் நாணயத்தைக் கீழே வைத்தேன்.

ஸ்கூட்டரில் உட்காரவைத்து சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சுலஸ்த்ரி அம்மா முதுகுக் கோடுகளைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று மட்டும் கேட்டார். நேற்று விடியற்காலை என்றேன். நன்றாகச் சிவந்துவிட்டதால் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றிருந்ததையும் உளறிவிட்டேன்.

"சொரண்டுனா யாருக்கும் செவக்கும் தம்பி. திரும்புங்க, உங்க முதுகுலயும் காட்டுறேன்" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "இது ஃப்ளூ. மாசமா இருக்குறவங்களுக்கு நுரையீரல்ல எறங்கிச்சுன்னா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. மாத்திரைய ரெண்டு நாளுக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லாக் கேக்கும்."

வெனிங்கின் வயிற்றில் ஒரு கருவியை வைத்தார். முழு வேகத்தில் தையல் மெஷின் ஓடுவது போல அறை நிறையச் சத்தம். தாயின் காய்ச்சல் சூட்டில் குழந்தையின் இதயமும் வேகமாக அடிக்கிறதாம். கண்ணுக்கே தெரியாத ஒரு கிருமி இவளை ஒரே நாளில் சாய்த்துவிட்டது. நான் முதுகில் காற்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, அதே உடம்பின் மறுபக்கம், முகம்கூடத் தெரியாத ஓர் உயிர் இந்த ஓட்டம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஐந்து நாளைக்கு, வேளைக்கு ஒன்றாகத் தினம் இரண்டு மாத்திரை. காய்ச்சலுக்குத் தனி மாத்திரை, நிறையத் தண்ணீர். மூச்சு வாங்கினாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே வரவேண்டும்.

மூன்றாம் நாள் காலை வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. ஆனால் எழுந்ததிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை என்றாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டேன். அவளோ இனிப்புத் தேநீரை நிதானமாகக் குடித்துவிட்டு, என் இன்னொரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க. அதுவும் மூணு நாளாத் தூங்கலல்ல?"

சொல்லி வாய் மூடவில்லை. குதிகால் அளவுக்கு ஏதோ ஒன்று மெல்ல எழும்பி, என் உள்ளங்கையை முட்டித் தள்ளிக்கொண்டு, விலாப் பக்கமாக நகர்ந்து போனது.