லாபத்திலேயே நின்ற எண்ணிக்கை

மாகறல் பக்கத்துக் களங்களில் நெல் அளக்கக் கன்னியப்பனை விட்டால் ஆள் கிடையாது. முதல் மரக்காலைச் சாக்கில் கொட்டும்போது அவன் ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டான். அளவுக்காரர் யாரும் சொல்வதில்லை. ‘லாபம்’ என்பான். அடுத்த மரக்கால் விழும்வரை ‘லாபம்... லாபம்...’ என்று ராகமாக இழுத்துக்கொண்டே இருப்பான். விழுந்ததும் ‘ரெண்டு... ரெண்டு...’. நடுவில் வேறொரு சொல் வாயில் வந்துவிட்டால் போச்சு, அளந்ததை எல்லாம் குவியலில் திரும்பக் கொட்டி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதினாறு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட எண்ணிக்கையை விட்டதில்லை. களத்தில் தேள் கொட்டியபோதுகூட ‘முப்பத்தேழு!’ என்றுதான் அலறினானாம்.

அவன் மனைவி ஆதிலட்சுமிக்கு ஒன்பதாம் மாதம். போன தடவை ஆஸ்பத்திரியில் காட்டப் போனபோது, “கொழந்த ஆட்டத்தத் தெனமும் கவனிச்சிக்கோம்மா” என்று செல்லாயி நர்ஸம்மா சொல்லி அனுப்பினாள். சொன்னது ஆதிலட்சுமியிடம். பிடித்துக்கொண்டது கன்னியப்பன். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் போதும், அவள் வயிற்றில் கையை வைத்து ‘லாபம்... லாபம்...’ என்று ஆரம்பித்துவிடுவான். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்றால் பன்னிரண்டு உதையும் ஒரு கலம்தானே! தெருவுக்கே கேட்கும். “இன்னா கன்னியப்பா, இன்னிக்கு எத்தினி கலம்?” என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் விசாரிப்பான். “ஒண்ணேகால் கலம்” என்று இவனும் வெட்கமில்லாமல் பதில் சொல்வான். ஆதிலட்சுமிக்கு முதலில் மானம் போயிற்று. பிறகு, சொல்வானேன், பிடித்துப்போயிற்று.

அன்றைக்குக் காலையில் அவளுக்கு ஏதோ சரியாகப் படவில்லை. வழக்கமாகப் பல் விளக்கி முடிப்பதற்குள் நாலு உதை விழும். அன்று வாசல் தெளித்தாள், மாட்டைப் பிடித்துக் கட்டினாள், கூழ் குடித்தாள், வயிறு கம்மென்று இருந்தது.

“மாமா, இங்க வாயேன். கொயந்த ஆடவே மாட்டேங்குது” என்றாள்.

அவன் ஓடி வந்து கை வைத்தான். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளிருந்து லேசாக ஒரு தொடல், அவ்வளவுதான். ‘லாபம்’ என்றான் கன்னியப்பன். காத்திருந்தான். ‘லாபம்... லாபம்...’ இரண்டாவது வரவே இல்லை. அவன் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. வாய் மட்டும் நிற்கவில்லை.

மாமியார் ராணியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஒம்போதாம் மாசம்னா உள்ள எடம் ஏதுடி? அடங்கித்தான் கெடக்கும். நான் ஆறு பெத்தவ சொல்றேன். ஒரு சத்தம் குடுத்தா முயிச்சிக்கும்.”

தெருமுனைக் கடையிலிருந்து ஒரு கோலி சோடா வாங்கி வந்தாள். மருமகளின் தொப்புளுக்கு நேராகப் பாட்டிலைப் பிடித்து, கட்டைவிரலால் கோலியை ஓங்கி அமுக்கினாள். ‘டப்’ என்று சத்தம். கோழிகள் கூரையேறின, கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டது, ராணியம்மாளே “எம்மாடி!” என்று கத்தினாள். வயிற்றுக்குள் ஒரு அசைவும் இல்லை.

“வேஸ்ட் பண்ணாத, குடிச்சிடு” என்று சோடாவை மருமகள் கையிலேயே கொடுத்தாள். குடித்த வேகத்தில் வயிறு குலுங்க ஒரு ஏப்பம் வந்தது. கன்னியப்பன் கண் பளிச்சென்று விரிந்தது. “ரெ...” என்று வாயைத் திறந்துவிட்டான்.

“அது சோடா மாமா” என்றாள் ஆதிலட்சுமி.

அவன் மறுபடி லாபத்துக்கே போனான். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கண் நிறைந்துவிட்டது.

“நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

“இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி? சாயந்தரம் வரைக்கும் பார்ப்போம்டி.”

“பெத்தது நீங்க ஆறு அத்தே. வவுறு என்னுது” என்று சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். ஆதிலட்சுமி மாமியாரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் கூட்டம். உட்கார இடம் கொடுத்தார்கள். கன்னியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ‘லாபம்... லாபம்...’ என்று முனகிக்கொண்டே நின்றான். கண்டக்டர் வந்தார்.

“எங்கய்யா போணும்?”

“லாபம்.”

“அது எந்த ஸ்டாப்பிங்கு?”

“உத்திரமேரூருங்க” என்று ஆதிலட்சுமி குறுக்கிட்டாள்.

“எத்தினி டிக்கெட்?”

அவள் வாயைத் திறந்து சட்டென்று மூடிக்கொண்டாள். அந்தச் சொல்லைக் குழந்தை அல்லவா சொல்ல வைக்க வேண்டும்? அதற்கு முந்திக்கொண்டு டிக்கெட்டுக்காக எப்படிச் சொல்வது? இரண்டு விரலைக் காட்டினாள்.

“ரெண்டா?” என்றார் கண்டக்டர், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. கன்னியப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். பிடி விட்டதில் ஒரு வெற்றிலைக் கூடை மேல் போய் விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தும் ‘லாபம்’ கேட்டது. கூடைக்காரி திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஆதிலட்சுமி கையை வயிற்றிலிருந்து எடுக்கவில்லை. ஒரு பேச்சுக்காவது உதைடா கண்ணு, ஒரே ஒரு தடவை, அப்புறம் வேணும்னா தூங்கு என்று உள்ளுக்குள்ளே கெஞ்சிக்கொண்டே வந்தாள். பயமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

சந்தைத் தெருவுக்குப் பின்னால் நாலே கட்டில் போட்ட பிரசவ விடுதி. வாசல் மேஜையில் சீட்டு எழுதுகிற பச்சமுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

“புருசன் பேரு?”

புருஷன் பேரை எந்தப் பெண் வாயால் சொல்வாள்? ஆதிலட்சுமி கன்னியப்பனைப் பார்த்தாள். “லாபம்” என்றான் அவன்.

“பேரு கேட்டேன்யா.”

“லாபம்... லாபம்...”

“அது இல்லீங்க” என்று ஆதிலட்சுமி தவித்தாள். “ஏரிக்கரையில ஏழு பேரு சாமியா கீறாங்களே, கன்... அவங்க பேருதான் வரும்.”

“ஏழுமலையா?”

“இல்லீங்க!”

“லாபம்!”

“பேஜாராப் போச்சும்மா உங்களோட” என்று பச்சமுத்து புருஷன் பெயர்க் கட்டத்தில் ‘லாபம்’ என்றே எழுதி அடிக்கோடும் போட்டார்.

சத்தம் கேட்டுச் செல்லாயி நர்ஸம்மா வெளியே வந்தாள். ஆதிலட்சுமியின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். “ஆட்டம் கொறஞ்சிடுச்சா? எப்பலேர்ந்து?”

“காலையிலேர்ந்து. ஒண்ணே ஒண்ணுதான். அத்தை சாயந்தரம் வரைக்கும் பாக்கச் சொன்னாங்க.”

“நல்ல வேள வந்த. எடம் இல்லாம அடங்கிடும்னு யாரு சொன்னாலும் கேக்காத. பொறக்கிற வரைக்கும் ஆடணும். கொறஞ்சா ஒடனே வரணும். பச்சமுத்து, சீட்டு கீட்டு அப்புறம்!”

கட்டிலில் படுக்க வைத்தாள். நாதஸ்வரத்தின் அடிப்பக்கத்தை மட்டும் அறுத்தெடுத்த மாதிரி ஒரு மரக்குழல் இருந்தது. அதை வயிற்றில் ஊன்றிக் காதை வைத்தாள். நகர்த்தினாள். மறுபடி வைத்தாள். கதவோரத்தில் ‘லாபம்... லாபம்...’ மட்டும் கேட்டது, குரல் உடைந்து உடைந்து.

“யோவ், நீ வாய மூடினாத்தான் எனக்குக் கேக்கும்!”

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். விரல்களுக்குப் பின்னால் உதடு மட்டும் அசைந்தது. ஆதிலட்சுமி நர்ஸம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடவில்லை.

நர்ஸம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். உதட்டோரம் இளகியது. “ஜோரா ஓடுதும்மா. குதிர மாதிரி ஓடுது.” பிறகு கதவுப் பக்கம் திரும்பினாள். “ஏய் லாபம், இங்க வா. காத வை.”

கன்னியப்பன் முழங்கால் போட்டுக் குழலில் காதை வைத்தான். முகம் அப்படியே மாறிப்போயிற்று. ‘ரெண்டு’ சொல்ல வாயெடுப்பதற்குள் அது தாண்டி ஓடிவிட்டது, உதடு வேகமாக அசைந்தது: “மூணு, நாலு, அஞ்சு, பதினொண்ணு, இருபத்தி... நாப்பத்தி...” எந்த மரக்கால் அவ்வளவு வேகமாக விழும்? தடுமாறினான், தாவினான், மூச்சு வாங்கினான். கடைசியில் தலையைத் தூக்கினான். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது.

“வுட்டுட்டேன் ஆதி. எண்ணிக்கைய வுட்டுட்டேன்” என்று சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினான்.

“வுட்டா வுடு மாமா. நெறையா கீதுன்னு அர்த்தம்” என்று அவன் தலையைத் தடவினாள் ஆதிலட்சுமி. அவளும் அழுதாள்.

“நல்லாத்தான் கீது. ஆனா ஆட்டம் வர வரைக்கும் உங்கள அனுப்ப மாட்டேன். டாக்டரம்மாவும் வந்து பாக்கட்டும்” என்றாள் நர்ஸம்மா. ஆதிலட்சுமியை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். அரை மணி போயிற்று. கன்னியப்பன் கட்டிலின் காலில் சாய்ந்து, மூக்கைத் துண்டில் சிந்திக்கொண்டிருந்தான். லாபத்தையும் மறந்துவிட்டான்.

அப்போது விலா எலும்புக்குக் கீழே ஓங்கி விழுந்தது ஒன்று. வயிற்றின் மேல் போட்டிருந்த போர்வையே எழும்பி அடங்கியது. அவன் துண்டுக்குள் முகத்தை வைத்திருந்தான், பார்க்கவில்லை. ஆதிலட்சுமி நாலு கட்டிலுக்கும் கேட்க, வாசலில் பச்சமுத்து பேனாவைக் கீழே போட, களத்தில் நிற்கிற அளவுக்காரனைப் போல ராகமாக இழுத்தாள்:

“ரெண்டூ... ரெண்டூ...”