போயிட்டு வரேன்

நாய்க்குட்டி வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவர் தச்சர்தான். ஏழாவது படிக்கும் மகள் அதைக் கொண்டுவந்த மூன்றாம் நாள், இழைப்புளியில் சுருண்டு விழும் மரச்சீவலின் நிறம் என்று சொல்லி ‘சுருள்’ எனப் பெயர் வைத்தவரும் அவரேதான். மனுஷன் கவிழ்ந்தால் தலைகுப்புறத்தான் கவிழ்வான்.

சுருள் போகாத இடமில்லை. பாய், செருப்பு, வாசற்படி, ஒன்று பாக்கியில்லாமல் நனைத்தது. மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

“வர்ற ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். தரையில ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் நாய் வெளியில. இல்லன்னா நீங்க வெளியில.”

படுக்கிற இடத்தை நாய் நனைக்காது, பெட்டியில் விட்டுப் பழக்கு என்று யாரோ சொல்ல, தச்சர் ஒரே நாளில் கம்பிக்கதவு வைத்த மரப்பெட்டி செய்தார். ஆசை யாரை விட்டது? வளர்ந்த நாய்க்கு அளவெடுத்துவிட்டார். சுருள் ஒரு மூலையில் படுத்து, எதிர்மூலையில் காரியத்தை முடித்தது.

“ஊருக்கெல்லாம் அளவெடுக்கறீங்க, சொந்த வீட்டுல கோட்டை விட்டுட்டீங்களே” என்று சிரித்தாள் நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி. முறைத்துக்கொண்டே நடுவில் தடுப்புப் பலகை அடித்தார். உள்ளே திரும்பிப் படுக்க மட்டுமே இடம். அதன்பிறகு பெட்டி நனையவில்லை.

கதவைத் திறந்ததும் பின்வாசல் வழியே மரத்தடிக்குத் தூக்கிப்போய், “போயிட்டு வா, சுருள், போயிட்டு வா” என்பார். போகும். ஒரு துண்டு பிஸ்கட் கிடைக்கும்.

ஆனால் மனைவி வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் சுருள் கூடத்திலேயே பெய்தது. மகள் பள்ளிக்குக் கிளம்பினாலும் அதே கதை. “நம்மளப் பிரிய முடியலப்பா அதுக்கு” என்று மகள் கண்கலங்கினாள்.

வியாழனன்று தச்சர் வீட்டுக்குள் நின்றபடி போனில், “பட்டறைக்குப் போயிட்டு வந்து பேசறேன்” என்றார். பாதத்தில் வெதுவெதுப்பாக ஏதோ ஓடியது. குனிந்து பார்த்தால் சுருள், பிஸ்கட்டுக்காக அண்ணாந்து நிற்கிறது!

“அடக் கடவுளே! தப்பு உன் மேல இல்லடா, எம்மேல!”

அன்றிலிருந்து வீட்டுக்குள் அந்தச் சொல்லுக்குத் தடை. மனைவி வெறும் “வரேன்” என்று கிளம்பினாள். மகள் “போறேன்” என்று சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். “வாயைக் கழுவு! வீட்டைவிட்டுக் கிளம்பறவ சொல்ற சொல்லா அது?” அந்தச் சொல் மரத்தடியில் மட்டும் ஒலித்தது.

ஞாயிறு வந்தது. வீட்டுக்காரம்மா மூலை மூலையாக மோப்பம் பிடித்தார். ஒன்றும் அகப்படவில்லை. “ஜெயில்லயா போட்டிருக்கீங்க? திறந்து விடு, பாவம்” என்றார். மகள் திறந்தாள். சுருள் உள்ளேயே சொகுசாகக் கிடந்தது. வீட்டுக்காரம்மா டீ குடித்து முடித்து, மாடிப்படி பின்பக்கம் என்பதால் பின்வாசலில் போய் நின்றார்.

தச்சர் பதறிப் பின்னாலேயே போனார். இந்த அம்மா லேசில் விடைபெறுகிறவரா? வாசலில் நின்று மூன்று தடவையாவது சொல்லாமல் நகரமாட்டார்.

“அம்மா, நீங்க சும்மா வரேன்னு மட்டும்...”

“சரி, நான் போயிட்டு வரேன்.”

சுருள் பாய்ந்து எழுந்தது. தச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இந்தக் குட்டி இல்லாத வீட்டை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

“அப்பா, பாருங்க!” என்று மகள் கத்தினாள்.

சுருள் வீட்டுக்காரம்மாவைத் தாண்டி ஓடி, மரத்தடியில் சமர்த்தாகக் குந்தியிருந்தது.

“பாத்தீங்களா! என்னை வழியனுப்ப எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கு! இந்த மரியாதை உங்க மூணு பேருக்கும் இருக்கா?”

மூன்று பேரும் அவசரமாகக் கைகூப்பினார்கள்.

“போயிட்டு வரேன்டா தங்கம்” என்றார் முதல் படியில் கால்வைத்து. வயிற்றில் ஒரு சொட்டு மிச்சமில்லை. ஆனாலும் சுருள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு மறுபடி குந்தியது. தச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பாதிப் படியில் வீட்டுக்காரம்மா திரும்பினார்.

“ஏம்பா, பெட்டி நடுவுல எதுக்கு அந்தப் பலகை? வளர்ற பிள்ளை, இடம் வேணாமா?”

“இதோ, தள்ளி அடிக்கறேம்மா” என்று தச்சர் சுத்தியலைத் தேடி ஓடினார்.