கேட்டுவிட்டுப் போனவர்

சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மாள் சாந்திமதியைப் பார்க்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிளைப் பூட்டிவிட்டோ வெற்றிலை வாங்கிக்கொண்டோ ஓர் ஆம்பிளை வந்து சேருவான் என்று எதிர்பார்க்கிற பார்வை. வந்து சேர்ந்தது மகள் குணமாலாதான். கோவில் யானை போட்ட லத்தியை நின்று பார்த்துவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அவரு பின்னால வராரா?"

"இல்லீங்க. நானும் பொண்ணும்தான்."

"அவருக்கு எங்க வேலை?"

"வடக்க."

"வடக்கன்னா எந்த ஊரு?"

வந்தவாசியில் இருந்தபோது பம்பாய் என்று சொல்லியிருந்தாள். அந்தப் பொய் சும்மா இருக்கவில்லை, குட்டி போட்டது. பம்பாயில் எந்த இடம், என்ன கம்பெனி, பொங்கலுக்காவது வருவாரா என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயாரித்து, அதைக் குணமாலாவுக்கும் மனப்பாடம் பண்ணிவைத்து, கடைசியில் அம்மாவும் பெண்ணும் ஆளுக்கொரு கம்பெனி பெயரைச் சொல்லி மாட்டிக்கொண்டார்கள். அதனால் இந்த முறை அவள் வாயைத் திறக்கவில்லை. சாவி இடுப்புக்குத் திரும்பியது. வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்வதாக அந்த அம்மாள் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று வீடு தேடுகிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்த மகானுபாவன், பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக வாடகைக்கு வீடு தேடிப் பார்த்ததில்லை. சாந்திமதி டெலிபோன் ஆபரேட்டர். அறுபத்தொன்பதாம் வருஷம் மே மாதம் அவளைக் காஞ்சிபுரத்துக்கு மாற்றினார்கள். எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசர் சாமுவேல் நல்ல மனுஷர், தன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார். ஆனால் பள்ளிக்கூடம் திறந்ததும் அவருடைய தம்பி குடும்பம் அங்கே வருகிறது. அதற்குள் ஒரு தெருவைப் பிடித்தாக வேண்டும். வீடு என்று கூடச் சொல்ல முடியாது, தெருதான் முக்கியம். அவளுக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பதினோரு வயதுப் பெண், ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். பிறகு அம்மா வரும்வரை யாருடைய கண்ணிலாவது பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்னும் ஓராண்டில் வயதுக்கு வந்துவிடுவாள். யார் கண் என்பதுதான் கேள்வி.

டெலிபோனில் வருகிறவர்களின் முதல் வார்த்தையைக் கேட்டே ஆளை எடைபோடுவது சாந்திமதிக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. தெருக்களுக்கும் அப்படி ஒரு முதல் கேள்வி இருக்கிறது என்பதை இந்த அலைச்சலில் கண்டுபிடித்தாள். ஒரு தெரு ஜாதியைக் கேட்டது. ஒரு தெரு, நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் இறைப்பீர்கள் என்று கேட்டது. ரங்கசாமி குளத்துப் பக்கம் ஒரு கிழவர், ராத்திரியில் இருமுவீர்களா என்று கேட்டார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அடுத்த தெரு என்ன கேட்குமோ என்று இப்போது ஆவலாகவே இருந்தது.

ஒன்றுமே கேட்காத தெருவும் ஒன்று இருந்தது. வேகவதி ஆற்றைத் தாண்டிப் போனால் ஜைனர்கள் இருக்கிற திருப்பருத்திக்குன்றம். வர்த்தமானர் கோவிலை ஒட்டிய தெருவில் அனந்தநாதன் என்ற அரிசி மண்டிக்காரர் இவர்களைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அவர் மனைவி கனகமாலா இரண்டு டம்ளரில் பால் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கை கூப்பினாள். குணமாலாவைப் பார்த்தும் கூப்பினாள். குணமாலா பின்னால் திரும்பிப் பார்த்தாள், அங்கே யாருமில்லை.

இங்கே கேட்க ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரியும். சாந்திமதியின் புருஷன் ஸ்ரீபாலன் நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டையும் நிலத்தையும் விட்டு, தீட்சை வாங்கிக்கொண்டு முனிவர்களோடு வடக்கே நடந்து போனவர். செத்துப் போயிருந்தால் அவளுக்கு ஒரு நிலை உண்டு. ஓடிப் போயிருந்தால் திட்டுவதற்காவது வழி உண்டு. இவர் இரண்டும் இல்லாமல் உயர்ந்துபோய்விட்டார்.

"வாடகையா?" அனந்தநாதன் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். "உங்களண்ட வாடகை வாங்கினா அந்தப் பாவத்த எத்தினி பிறவியில கழிக்கறதும்மா? வெள்ளையடிச்சி வச்சிருக்கேன். நாளைக்கே வந்துடுங்க."

"வேலைக்குக்கூட நீங்க போவ வேணாம்" என்றாள் கனகமாலா. மனசாரத்தான் சொன்னாள். "முனி மகராஜ் குடும்பம். ஊரு பாத்துக்காதா? பொண்ணயும் நம்ம பாடசாலையிலயே போட்டுடலாம்."

"அவரு இங்க இருந்திருக்காரும்மா" என்று அனந்தநாதன் குணமாலாவிடம் திரும்பினார். "ஒரு மழைக்காலம் பூரா. தீட்சைக்கு முன்ன. அந்தக் கெணத்தண்டதான் ஒக்காந்து படிச்சிக்கினு இருப்பாரு."

"சத்தமாவா, மனசுக்குள்ளயா?" என்று கேட்டாள் குணமாலா.

"சத்தமாத்தான். நடுவுல நிறுத்திட்டுச் சிரிப்பாரு."

"எதுக்கு?"

"அது எங்களுக்குத் தெரியலியே."

குணமாலா விடவில்லை. எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார், இட்லி பிடிக்குமா, என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று அடுக்கிக்கொண்டே போனாள். சாந்திமதி பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஸ்ரீபாலன் படிக்கும்போது சிரித்ததே இல்லை. யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவளுக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. அந்த ஆசையோடேயே கோபமும் வந்தது. இந்தத் தெருவில் அவளுக்குச் சோறு கிடைக்கும், மரியாதை கிடைக்கும், பெண்ணைத் தெருவே சேர்ந்து பார்த்துக்கொள்ளும். ஆனால் கும்பிடுகிற கைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாள்கூட அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. வெள்ளையடித்த அந்த வீட்டுக்குள்கூட முடியாது என்று தோன்றியது.

திரும்பி வரும்போது குணமாலா பாலத்தில் நின்றாள். "இங்கயே இருக்கலாம்மா."

"பாக்கலாம்."

"இங்க அப்பாவப் பத்திப் பேசறாங்க. நீ பேசவே மாட்ற."

வெயில் ஏறிவிட்டது என்று சொல்லிச் சாந்திமதி நடந்தாள்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீட்டில் பின்கட்டு காலியாக இருப்பதாகச் சாமுவேல் சொல்லியிருந்தார். அன்று அவளுக்கு லீவு, சாயங்காலமே போய்ப் பார்த்தார்கள். வீட்டுக்காரி தில்லையம்மாள் ராட்டினத்தில் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. உள்ளே அவள் புருஷன் முனிரத்தினம் தறிக்குழியில் கால் விட்டு நெய்துகொண்டிருந்தார், தலையை மட்டும் அசைத்தார்.

"சத்தம் தாங்குவீங்களாம்மா?" இதுதான் இந்தத் தெருவின் முதல் கேள்வி. "விடியறதுக்கு முன்ன தறி ஆரம்பிச்சிடும். அப்பால குத்தம் சொல்லக் கூடாது."

"நான் நாள் பூரா காதுல டெலிபோன மாட்டிக்கினு இருக்கறவ. சத்தம் பழக்கம்தான்."

குணமாலா ராட்டினத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டாள். "புழுவக் கொன்னுதான பட்டு எடுக்கறீங்க?"

சாந்திமதி பல்லைக் கடித்தாள். தில்லையம்மாள் சுற்றுவதை நிறுத்தாமலே, "நூலு பெங்களூர்லருந்து வருது கண்ணு. பாவத்த அங்கயே வச்சிட்டுத்தான் அனுப்பறாங்க" என்றாள். "நீ ஜெயினா? அப்ப ஞாயித்துக்கெழம மீன் வாசன வந்தா மூக்கப் பிடிச்சிக்கோ. மத்த நாள்ல எங்க வூட்லயும் ரசம்தான்." பிறகு அதே மூச்சில், சாந்திமதியைப் பார்க்காமல், "அவரு?" என்றாள்.

வெயிலில் அலைந்த அலுப்போ, பொய்க்குட்டிகளை மறுபடி வளர்க்கத் தெம்பில்லையோ, சாந்திமதி சொல்லிவிட்டாள். "சாமியாராப் போயிட்டாரு."

"கேட்டுட்டுப் போனாரா, கேக்காம போனாரா?"

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

நாலு வருஷமாக எத்தனையோ பேர் எத்தனையோ பேசினார்கள். அவர் செய்தது தியாகம் என்றார்கள், அவளுக்குக் கிடைத்தது புண்ணியம் என்றார்கள். அண்ணன் மட்டும் தலையில் அடித்துக்கொண்டான். நீ என்ன சொன்னாய் என்று ஒருவர் கேட்டதில்லை. துறவு பூணுகிறவர் தன் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டு விடை வாங்க வேண்டும். பெண்டாட்டி வாயால் சரியென்று சொல்ல வேண்டும். வழக்கம் நல்ல வழக்கம்தான். அன்றைக்குப் பந்தல் கொள்ளாத கூட்டம். மேளம் நின்றது. அவர் வந்து எதிரில் நின்று அவளைக் கும்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைக் கும்பிட்டது அந்த ஒருமுறைதான்.

"சரின்னேன்" என்றாள் சாந்திமதி. "ஜனம் பூரா பாத்துக்கினு இருக்குது. வேற இன்னா சொல்றது?"

"அது கேட்ட மாரியா? கட்டிவச்சிக் கேட்ட மாரி இல்ல இருக்குது." தில்லையம்மாள் அறுந்த இழையை எச்சில் தொட்டு முறுக்கினாள். "கோவம் வந்துச்சா?"

"இன்னும் போவல."

சொன்ன பிறகுதான் பெண் பக்கத்தில் குந்தியிருப்பது நினைவுக்கு வந்தது. குணமாலா ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தில்லையம்மாள் பின்கட்டைத் திறந்து காட்டினாள். கிணறு, அடுப்பு மேடை, முருங்கை மரம் ஒன்று. சாயங்காலம் பெண் தன் கண்ணெதிரேயே இருக்கும், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லிவிடலாம் என்றாள். எல்லாம் சரியாகவே இருந்தது. குணமாலா எதையும் கேட்கவில்லை. அதுதான் சாந்திமதிக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் தலை பின்னிக்கொள்ளும்போதுதான் பெண் வாயைத் திறந்தாள்.

"அப்பா கேட்டப்போ நான் எங்க இருந்தேன்?"

"எம் மடியில. தூங்கிக்கினு இருந்த."

"என்னக் கேட்டாரா?"

சாந்திமதியின் கை பின்னலில் நின்றது. "இல்லடி."

"நீயாவது எழுப்பியிருக்கலாம்."

இதற்குச் சமாதானம் சொல்ல ஆயிரம் இருந்தது. ஏழு வயதுக் குழந்தை, அந்த வெயில், அந்தக் கூட்டம். சாந்திமதி பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டினாள். பிறகு பெண்ணைத் தன் பக்கம் திருப்பி, "இப்ப கேக்கறேன். எந்தத் தெருவுக்குப் போலாம்? நீ சொல்ற எடம்தான்" என்றாள். திருப்பருத்திக்குன்றம் என்று சொல்லிவிட்டால் போகத்தான் வேண்டும்.

"அந்தத் தறித் தெருவ இன்னொருவாட்டிப் பாக்கணும்" என்றாள் குணமாலா.

போனபோது தெருவே அடைத்துக் கிடந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தறியில் ஏற்றப்போகிற பாவு நூலை அரக்குச் சிவப்பில் நீட்டிக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கொருவர் வந்து நின்று, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளைத் தேடி முடிந்துகொண்டிருந்தார்கள். சாந்திமதி செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்து நிமிர்வதற்குள் குணமாலா பாவுக்கு அந்தப் பக்கமாக நடந்து போய்விட்டாள். தாண்டி அவளிடம் போகலாமென்று இவள் புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"தாண்டாதீங்கம்மா" என்றார் முனிரத்தினம். "கஞ்சி ஈரம். கோடி வரைக்கும் இப்பிடியே போயி சுத்திக்கினு வாங்க."

எதிர்ப்பக்கம் குணமாலா வயசில் ஒரு பெண் இழை முடிந்துகொண்டிருந்தாள். பாவாடையெல்லாம் கஞ்சி. "நீங்கதான் எங்க தெருவுக்குக் குடி வரப்போறீங்களா?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றாள் குணமாலா.

"உங்கப்பா இன்னா வேல?"

கைநீட்டினால் தொட்டுவிடுகிற தூரம்தான். ஆனாலும் இடையில் புகுந்து பதில் சொல்ல முடியாத தூரம். வேறு தெருவாக இருந்தால் சாந்திமதி இதற்குள் பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பியிருப்பாள். குணமாலா பாவுக்கு மேலாக அம்மாவை ஒருதரம் பார்த்தாள். பம்பாய் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று சாந்திமதி நினைத்தாள்.

"சாமியாரா இருக்காரு" என்றாள் குணமாலா. "எங்கம்மாவக் கேட்டாரு, அவங்க சரின்னுட்டாங்க. என்னக் கேக்கல."

அது புகாரா, வெறும் தகவலா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆயிரம் குரல்களைக் கேட்ட சாந்திமதியாலும் முடியவில்லை.

"எங்க வூட்லகூட என்ன எதுவும் கேக்க மாட்டாங்க" என்றாள் அந்தப் பெண். "இந்த மொனைய இழுத்துப் பிடி."

குணமாலா பிடித்தாள். முனிரத்தினம் சாந்திமதியைப் பார்த்தார். "சும்மா நிக்கறதுக்கு இதப் பிடிங்கம்மா" என்று இழைகளுக்கு நடுவில் செருகியிருந்த மூங்கில் கோலின் நுனியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் பெண் இழையை இழுக்கும்போதெல்லாம் கோல் அவள் கையில் மெல்ல அசைந்தது.